ஆக்சிடென்ட்ல "யாரு மேல தப்பு"ங்கிறது ஒரு கேள்வி இல்லீங்க, மூணு கேள்வி

எங்க ஊர் பக்கம் ரோட்டுல ஒரு பைக்கும் காரும் மோதிக்கிச்சுன்னா ரெண்டு நிமிஷத்துல கூட்டம் கூடிடும், அஞ்சாவது நிமிஷம் தீர்ப்பும் சொல்லிடுவாங்க. பெரிய வண்டி மேலதான் தப்பு. பின்னாடி வந்து இடிச்சவன் மேலதான் தப்பு. ஹெல்மெட் போடலையா, அப்ப ஒரு பைசா வராது. இன்சூரன்ஸ் இருக்குல்ல, அது எல்லாத்தையும் பார்த்துக்கும். இந்த நாலுல ஒண்ணுகூட முழுசா சரி கிடையாது, ஆனா இதை நம்பி அந்த இடத்துலயே கையெழுத்துப் போட்டுட்டு போனவங்க எத்தனையோ பேர்.

நான் வக்கீல் இல்ல. விழுப்புரம் பக்கம் ஒரு வக்கீல் ஆபீஸ்ல பன்னெண்டு வருஷமா குமாஸ்தா, வர்ற கேஸ்ல பாதிக்கு மேல மோட்டார் ஆக்சிடென்ட் கேஸ்தான். மூணு வருஷம் முன்னாடி ஒரு அம்மா வந்தாங்க. வீட்டுக்காரரோட பைக்கை ஒரு கார் இடிச்சிருக்கு, கார்க்காரர் அங்கேயே 15,000 ரூபா குடுத்து "போலீஸ் கேஸ் எல்லாம் வேணாம்ங்க"ன்னு சொல்லியிருக்கார், இவங்களும் சரின்னுட்டாங்க, இருபது நாள் கழிச்சு அவர் தலைக்காயத்துல இறந்துட்டார். அந்தம்மா கையில இருந்தது ஒரு ஆஸ்பத்திரி சீட்டு மட்டும்தான். அதுல என்ன எழுதியிருந்துச்சுன்னு கடைசியில சொல்றேன், அதுக்கு முன்னாடி சட்டம் இதை எப்படிப் பார்க்குதுன்னு புரிஞ்சாதான் அந்த ஒரு வரி ஏன் அவ்வளவு பெரிய விஷயம்னு புரியும்.

மாடு வயல்ல மேஞ்ச கதை

ஒரு பையன் வேற ஒருத்தரோட மாட்டை கூலிக்கு மேய்க்கிறான்னு வைங்க. வேப்பமரத்தடியில தூங்கிட்டான், மாடு பக்கத்து வயல்ல இறங்கி நெல்லை மேஞ்சிடுச்சு. இப்ப ஊர்ல மூணு கேள்வி வரும்.

பையனை யாரு கண்டிக்கிறது, என்ன தண்டனை? இது ஒண்ணு. போன நெல்லுக்கு யாரு ஈடு கட்டுறது? பையன்கிட்ட காசு ஏது, மாட்டுக்காரர்தான் கட்டணும். இது ரெண்டு. மாட்டுக்காரர்கிட்டயும் அவ்வளவு பணம் இல்லைன்னா? ஊர்ல மாடு வச்சிருக்கவங்க எல்லாரும் வருஷத்துக்கு இவ்வளவுன்னு ஒரு பொது உண்டியல்ல போட்டு வச்சிருந்தா அதுல இருந்து எடுத்துக் குடுக்கலாம். இது மூணு. நாலாவதா ஒரு பேச்சும் கிளம்பும் பாருங்க, "வயக்காரரே படலை திறந்து போட்டுட்டுதானே போனார், அவர் மேலயும் கொஞ்சம் தப்பு இருக்குல்ல?"

மோட்டார் ஆக்சிடென்ட் சட்டம் மொத்தமும் இந்தக் கதைக்குள்ளயே இருக்கு. பையன் டிரைவர். மாட்டுக்காரர் வண்டி ஓனர். உண்டியல் இன்சூரன்ஸ். திறந்து கிடந்த படல்தான் அடிபட்டவர் பக்கத்து தப்பு. ரோட்டுல கூட்டம் கேக்குற "யாரு மேல தப்பு"ல இது எல்லாம் ஒண்ணாப் போட்டு கலக்கிடுறாங்க.

ஒரு ஆக்சிடென்ட், ரெண்டு கேஸ்

நிறைய பேருக்கு இது தெரியாது. ஒரே ஆக்சிடென்ட்டுக்கு ரெண்டு தனித்தனி கேஸ் ஓடும்.

முதல்ல போலீஸ் போடுற கிரிமினல் கேஸ், இதுல கேள்வி தண்டனை பத்தி மட்டும்தான். கண்மூடித்தனமா ஓட்டினா பி.என்.எஸ், அதாவது ஐ.பி.சி-க்குப் பதிலா வந்த புது குற்றவியல் சட்டம், அதுல 281-ஆவது பிரிவு, கவனக்குறைவால உயிர் போச்சுன்னா 106. பழைய ஐ.பி.சி 304ஏ-ல அதிகபட்சம் ரெண்டு வருஷமா இருந்தது 2024 ஜூலை 1-ல இருந்து அஞ்சு வருஷம் ஆயிடுச்சு. "போலீஸ்ல சொல்லாம ஓடிட்டா பத்து வருஷம்"னு வாட்ஸ்அப்ல சுத்துதே, அது அதே 106-ஓட ரெண்டாவது உட்பிரிவு. 2024 ஜனவரியில லாரி டிரைவருங்க நாடு முழுக்க ஸ்ட்ரைக் பண்ணது இதுக்காகத்தான், அதனால புது சட்டம் வந்தப்ப அந்த ஒரு உட்பிரிவை மட்டும் அமலுக்குக் கொண்டு வரல. அதுக்காக ஓடலாம்னு அர்த்தம் இல்ல, அதைப் பின்னாடி சொல்றேன்.

ரெண்டாவது கேஸ் அடிபட்டவரோ இறந்தவர் குடும்பமோ போடுறது. கோர்ட்ல இதை எம்.சி.ஓ.பின்னு சொல்வோம், நஷ்டஈடு கேட்டு கிளைம்ஸ் ட்ரிப்யூனல்ல போடுற மனு. 1988 மோட்டார் வாகனச் சட்டம் 166-ஆவது பிரிவு. யாரையும் ஜெயில்ல போடுறது இதோட வேலை இல்ல, போன வருமானத்துக்கும் ஆன செலவுக்கும் பட்ட வலிக்கும் பணம் யாரு தரணும்னு முடிவு பண்றதுதான் வேலை.

ரெண்டுக்கும் ஆதாரத்தோட அளவு வேற. கிரிமினல் கேஸ்ல சந்தேகத்துக்கு இடமில்லாம நிரூபிக்கணும், நியாயமான ஒரு சந்தேகம் வந்தாலே டிரைவர் விடுதலை. எம்.சி.ஓ.பியில ரெண்டு பக்கத்தையும் தராசுல வச்சா எந்தத் தட்டு கொஞ்சம் தாழுதோ அது போதும். அதனாலதான் "டிரைவரை ரிலீஸ் பண்ணிட்டாங்களே, இனிமே நமக்கு எங்க கிடைக்கப்போகுது"ன்னு வீட்டுல உக்காந்துடக்கூடாது. கிரிமினல் கோர்ட்ல விடுதலை ஆனதாலயே நஷ்டஈடு கேஸ் தோத்துடாது. அதே மாதிரி எஃப்.ஐ.ஆர்-ல உங்க பேர் இருந்துட்டா அதுவே தீர்ப்பும் கிடையாது, அது விசாரணைக்கு ஒரு ஆரம்பம், அவ்வளவுதான்.

இதுவரைக்கும் சொன்னது: தண்டனைக்கு ஒரு கேஸ், பணத்துக்கு ஒரு கேஸ். ஒண்ணோட முடிவு இன்னொண்ணைக் கட்டிப் போடாது.

தப்பு முழுசாவும் இருக்கும், பங்காவும் பிரியும்

கவனக்குறைவுன்னா என்ன? அந்த இடத்துல, அந்த நேரத்துல, நிதானமான ஒரு ஆள் எவ்வளவு ஜாக்கிரதையா ஓட்டியிருப்பாரோ அதை விடக் குறைவா ஓட்டினது. இது சட்டத்துல நெக்லிஜென்ஸ். வேணும்னே இடிச்சான்னு நிரூபிக்கத் தேவையே இல்ல. ஸ்கூல் விடுற நேரத்துல ஸ்கூல் வாசல்ல 50-ல போறது கவனக்குறைவா இருக்கலாம், அதே 50 காலியான பைபாஸ்ல ஒண்ணுமே இல்லாம இருக்கலாம். வண்டி பெருசா சின்னதாங்கிறது இந்தக் கேள்வியிலேயே வராது. தப்பான சைடுல வந்த பைக் நேரா வந்த லாரியில மோதினா லாரி பெருசுங்கிறதுக்காக அது லாரி தப்பு ஆயிடாது.

அடிபட்டவரும் தன் பங்குக்கு கவனம் இல்லாம இருந்தா? அதுக்குத்தான் கான்ட்ரிபியூட்டரி நெக்லிஜென்ஸ்னு பேரு, திறந்து கிடந்த படல். இங்கதான் எல்லாரும் தப்பாப் புரிஞ்சுக்கிறாங்க. அடிபட்டவர் மேல 20 சதவீதம் தப்புன்னா நஷ்டஈடு போயிடாது, அதுல 20 சதவீதம் குறையும். மீதி 80 கிடைக்கும்.

கோயம்புத்தூர் கேஸ் ஒண்ணு சொல்றேன், இதை விட நல்ல உதாரணம் எனக்குத் தெரியல. 2017-ல ஒரு என்ஜினியரிங் மாணவர் பைக்ல போயிட்டிருக்கார், முன்னாடி போன கார் ஹைவேயில திடீர்னு பிரேக் போட்டு நின்னுடுச்சு, இவர் அதோட பின்பக்கம் மோதி ரோட்டுல விழுந்தார், பின்னாடி வந்த பஸ் ஏறிடுச்சு, காலையே எடுக்க வேண்டியதாப் போச்சு. ஏன் நிறுத்தினீங்கன்னு கேட்டதுக்கு கார் ஓட்டினவர் சொன்னது, கர்ப்பமா இருந்த மனைவிக்கு குமட்டல் வந்துடுச்சுன்னு.

இப்ப ரோட்டுத் தீர்ப்புப்படி என்ன? பின்னாடி போய் இடிச்சது பையன், கார் மேல தப்பே இல்ல. ட்ரிப்யூனல்லயும் கிட்டத்தட்ட அப்படித்தான் முடிவு பண்ணாங்க, பையன் 20, பஸ் 80, கார் பூஜ்யம். மேல ஹைகோர்ட்டுக்குப் போனப்ப கார் 40, பஸ் 30, பையன் 30. 2025-ல சுப்ரீம் கோர்ட் திரும்ப மாத்துச்சு, கார் 50, பஸ் 30, பையன் 20. ஹைவேயில வேகமாத்தான் வண்டிங்க வரும், நிறுத்தியே ஆகணும்னா பின்னாடி வர்றவங்களுக்கு சைகை குடுத்து எச்சரிக்கணும், அது ஓட்டுறவரோட கடமைன்னு சொன்னாங்க. அந்தப் பையனும் போதுமான தூரம் விடல, லைசென்ஸும் சரியா இல்ல, அதனால அவருக்கும் ஒரு பங்கு. கணக்குப் போட்ட மொத்தம் 1.14 கோடி, அதுல 20 சதவீதம் கழிச்சு 91 லட்சத்துச் சொச்சம். அதே சம்பவம், மூணு கோர்ட்ல மூணு பங்கீடு. ரோட்டுல நின்னு ரெண்டு நிமிஷத்துல இதை யாராவது சொல்லிட முடியுமா?

ஹெல்மெட், ட்ரிபிள்ஸ் விஷயத்துக்கு வர்றேன். சட்டத்தை மீறினது வேற, ஆக்சிடென்ட்டுக்குக் காரணமா இருந்தது வேற. ஒரு பைக்ல மூணு பேர் போறது தப்புதான், ஃபைன் கட்டணும். ஆனா பின்னாடி வந்த கார் அவங்களை அடிச்சுத் தூக்கினதுக்கும் மூணு பேர் உக்காந்திருந்ததுக்கும் என்ன சம்பந்தம்? அந்தச் சம்பந்தம் இருக்குன்னு காட்டினாதான் பங்கு குறைக்கலாம்னு 2020-லயே சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கு. ஹெல்மெட்டும் இதே கேள்விதான். கால் உடைஞ்சதுக்கு ஹெல்மெட் போடாதது எப்படிக் காரணம் ஆகும்? தலைக்காயம்னா எதிர்த்தரப்பு வக்கீல் கண்டிப்பா அதைப் பிடிச்சுக்குவார், பல கேஸ்ல கொஞ்சம் குறைஞ்சும் போகுது. பணத்தை விடுங்க, நான் தூக்கிப் பார்க்குற கேஸ் கட்டுல "ஹெட் இஞ்சுரி"ன்னு எழுதியிருக்கிறது எத்தனைன்னு எனக்குத்தான் தெரியும். பக்கத்துக் கடைக்குத்தானேன்னு தயவுசெஞ்சு கிளம்பாதீங்க.

தூரம் விடுறது ஏன் சட்டத்துக்கு இவ்வளவு முக்கியம்

60-ல போற வண்டி ஒரு செகண்டுக்கு கிட்டத்தட்ட 17 மீட்டர் ஓடும். முன்னாடி பிரேக் லைட் எரியுறதைக் கண்ணு பார்த்து, மூளை புரிஞ்சு, கால் பிரேக்கை மிதிக்கிறதுக்கே சுமார் ஒரு செகண்ட் ஆகும், அந்த 17 மீட்டர்ல பிரேக் இன்னும் பிடிக்கவே ஆரம்பிக்கல. அதுக்கப்புறம்தான் வண்டி வேகம் குறையும். அந்த தூரமும் வேகத்துக்கு ஏத்த மாதிரி நேரா ஏறாது, வேகம் ரெண்டு மடங்கு ஆனா பிரேக் பிடிச்ச பிறகு ஓடி நிக்கிற தூரம் நாலு மடங்கு ஆகும். 40-ல நிறுத்த முடிஞ்ச தூரத்தை வச்சு 80-ல கணக்குப் போடுறவர் எப்பவும் ஏமாறுவார். 80-ல முன் வண்டி பின்னாடி ரெண்டு ஆள் தூரத்துல ஒட்டிக்கிட்டுப் போனா அது தைரியமும் இல்ல திறமையும் இல்ல, பிரேக் பிடிக்கிறதுக்கு முன்னாடியே இடம் முடிஞ்சு போயிடும். போதுமான இடைவெளி விடணும்னு ஓட்டுநர் விதிகள்ல எழுதி வச்சிருக்கிறதுக்கும், பின்னாடி வந்தவர்கிட்ட கோர்ட் முதல் கேள்வி கேக்குறதுக்கும் இதுதான் காரணம். ஆனா முதல் கேள்வின்னா கடைசிக் கேள்வி இல்ல, கோயம்புத்தூர் கேஸ் காட்டுற மாதிரி.

ஓட்டினது ஒருத்தர், ஓனர் ஏன் கட்டணும்?

மாட்டுக்காரர் கதைதான். உங்களுக்காக, உங்க அனுமதியோட ஒருத்தர் உங்க வண்டியை ஓட்டும்போது செஞ்ச தப்புக்கு பணப்பொறுப்பு உங்களுக்கும் உண்டு. இதை வைக்கேரியஸ் லையபிலிட்டின்னு சொல்வாங்க, அடுத்தவர் தப்புக்கு நாம ஏத்துக்கிற பொறுப்பு. தண்டனை ஓட்டினவருக்கு, பணம் ஓனர் தலையில.

இதுல ஒரு பெரிய பள்ளம் இருக்கு, நல்ல மனுஷங்க நிறைய பேர் விழுறாங்க. பழைய பைக்கை வித்துடுறாங்க, காசு வாங்கி சாவி குடுத்தாச்சு, ஆர்.சி-யில பேர் மாத்தல. வாங்கினவர் இன்னொருத்தருக்கு வித்து, அவர் இன்னொருத்தருக்கு வித்து, கடைசியில எங்கேயோ ஒருத்தர் அதை வச்சு ஆளை இடிச்சுட்டார். யாருக்கு சம்மன் வரும்? ஆர்.சி-யில பேர் இருக்கிறவருக்கு. 2018-ல சுப்ரீம் கோர்ட் இதைத் தெளிவாச் சொல்லிடுச்சு, பதிவுல யார் பேர் இருக்கோ அவர்தான் சட்டத்துக்கு ஓனர், கை மாறிக்கிட்டே போன வண்டியோட கடைசி ஆளைத் தேடிக்கிட்டு அலையுறது அடிபட்டவரோட வேலை இல்லன்னு. வண்டி வித்தா ஃபார்ம் 29, 30-ல சும்மா கையெழுத்து மட்டும் போட்டுக் குடுத்துட்டு வராதீங்க, ஆர்.டி.ஓ-வுல பேர் மாறுற வரைக்கும் விடாதீங்க.

பிள்ளைங்ககிட்ட வண்டி குடுக்குறவங்களுக்கும் ஒண்ணு. 18 வயசு ஆகாத பிள்ளை ஓட்டி குத்தம் நடந்தா மோட்டார் வாகனச் சட்டம் 199ஏ பிரிவுல பெத்தவங்க இல்ல வண்டி ஓனருக்கு மூணு வருஷம் வரைக்கும் ஜெயில், 25,000 ரூபா அபராதம், வண்டி பதிவு ஒரு வருஷத்துக்கு ரத்து, அந்தப் பிள்ளைக்கு 25 வயசு வரைக்கும் லைசென்ஸ் கிடையாது. டியூஷன் பக்கத்துலதானே இருக்குன்னு சாவியைக் குடுக்குறப்ப இதெல்லாம் ஞாபகம் இருக்கட்டும்.

இன்சூரன்ஸ் யாரைக் காப்பாத்துது?

தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸ்னா என்ன? ஓனர் ஒண்ணு, கம்பெனி ரெண்டு, இவங்க ரெண்டு பேர் ஒப்பந்தத்துக்கு வெளிய நிக்கிற மூணாவது ஆள், அதாவது உங்க வண்டியால அடிபடுறவர். அவருக்காகத்தான் 146-ஆவது பிரிவு இதைக் கட்டாயம்னு வச்சிருக்கு. உங்க வண்டிக்கும் உங்களுக்கும் இல்ல. இது புரிஞ்சுதுன்னா பாதி குழப்பம் போயிடும். 1000-லிருந்து 1500 சி.சி காருக்கு 2022-ல அரசு நிர்ணயிச்ச தேர்ட் பார்ட்டி பிரீமியம் வருஷத்துக்கு 3,416 ரூபா, 75-லிருந்து 150 சி.சி பைக்குக்கு 714 ரூபா. அந்த 714 ரூபாவுக்கு, உங்க பைக்கால ஒருத்தர் இறந்து 40 லட்சம் தீர்ப்பானாலும் கம்பெனி கட்டும், சாவுக்கும் காயத்துக்கும் உச்சவரம்பு கிடையாது. அதைக் கட்டாம ஓட்டுறவர் வீட்டையும் நிலத்தையும் பணயம் வச்சுட்டு ஓட்டுறார்னுதான் நான் சொல்லுவேன்.

புது கார் வாங்குறப்ப மூணு வருஷம், புது பைக்குக்கு அஞ்சு வருஷம் தேர்ட் பார்ட்டி சேர்த்தே எடுக்கணும்னு 2018-ல வந்துச்சே, அதுக்குப் பின்னாடி இருந்த பொதுநல வழக்கைப் போட்டது கோயம்புத்தூர் எலும்பு டாக்டர் எஸ். ராஜசேகரன். ஆபரேஷன் தியேட்டர்ல தினம் பார்த்ததை கோர்ட்டுக்குக் கொண்டு போனவர். நம்ம ஊர் ஆளு ஒருத்தரால நாடு முழுக்க விதி மாறிச்சு, இது இங்க நிறைய பேருக்குத் தெரியாது.

சரி, யாரெல்லாம் மூணாவது ஆள் இல்ல? ஓனர் இல்ல. பைக்ல பின்னாடி உக்காந்திருக்கவரும் வெறும் ஆக்ட் பாலிசியில, அதாவது சட்டம் கேக்குற குறைஞ்சபட்ச பாலிசியில வரமாட்டார், கூடுதல் கவர் இருந்தாதான். லோடு வண்டியில சும்மா ஏறிட்டுப் போறவங்களுக்கும் கிடையாது, கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் மினி லாரியில முப்பது பேரை ஏத்திட்டுப் போறப்ப இதை யாரும் யோசிக்கிறதில்ல. தானே வேகமா ஓட்டிப் போய் மரத்துல மோதி இறந்தவர் குடும்பமும் தன் வண்டி இன்சூரன்ஸ்ல தேர்ட் பார்ட்டி பணம் கேக்க முடியாது. அந்த இடத்துக்குத்தான் ஓனர்-டிரைவருக்கு 15 லட்சம் பர்சனல் ஆக்சிடென்ட் கவர்னு தனியா ஒண்ணு இருக்கு. பாலிசி எடுக்குறப்ப "அது வேணாம், 300 ரூபா குறையும்"னு சொல்ற ஆள் பேச்சைக் கேக்காதீங்க.

ஓட்டினவர்கிட்ட லைசென்ஸ் இல்லைன்னா? கம்பெனி முதல்ல அடிபட்டவருக்குக் கட்டிட்டு அப்புறம் ஓனர்கிட்ட வசூல் பண்ணிக்கச் சொல்லி கோர்ட் பல கேஸ்ல உத்தரவு போடும். அடிபட்டவர் தப்பிச்சார், ஓனர் மாட்டினார்.

சுருக்கமா: தப்பு டிரைவரோடது, பொறுப்பு ஓனரோடது, பணம் இன்சூரன்ஸோடது, ஆனா இன்சூரன்ஸ் நிக்கிறது வெளிய இருக்கிறவருக்காக.

ஒரு உயிருக்குக் கணக்கு எப்படிப் போடுறாங்க?

இதைக் கேக்கவே கஷ்டமா இருக்கும், ஆனா தெரிஞ்சுக்கணும், ஏன்னா தெரியாதவங்களைத்தான் குறைச்சலா குடுத்து அனுப்பிடுறாங்க. அடிப்படை யோசனை இதுதான், அவர் இருந்திருந்தா குடும்பத்துக்கு வருஷா வருஷம் வந்திருக்கக்கூடிய பணத்தை இப்ப மொத்தமாக் குடுக்கணும். இத்தனை வருஷத்துக்குன்னு பெருக்குற எண்ணுக்குப் பேரு மல்டிப்ளையர், வயசு ஏற ஏற அது குறையும். மொத்தமா முன்னாடியே வர்ற பணத்துக்கு வட்டியும் வரும்ங்கிறதால மீதி ஆயுசு முழுக்கப் பெருக்க மாட்டாங்க. 2009-ல சுப்ரீம் கோர்ட் இதுக்கு ஒரு அட்டவணையே குடுத்துச்சு, 2017-ல எதிர்கால வருமான உயர்வையும் சேர்க்கச் சொல்லிச்சு.

மெக்கானிக் ஒருத்தர், 32 வயசு, மாசம் 20,000 சம்பாதிக்கிறார்னு வைங்க. வீட்டுல மனைவி, ரெண்டு பிள்ளை, அம்மா. சொந்தத் தொழில் பண்ற 40 வயசுக்குக் கீழ உள்ளவருக்கு எதிர்கால உயர்வு 40 சதவீதம், ஆக 28,000. அவர் தனக்குன்னு செலவு பண்ணியிருக்கிறது போக, நாலு பேர் நம்பி இருந்தா நாலுல ஒரு பங்கைக் கழிப்பாங்க, 21,000. வருஷத்துக்கு 2,52,000. அந்த வயசுக்கு மல்டிப்ளையர் 16. பெருக்கினா 40,32,000. இது போக ஈமச்சடங்கு, துணையை இழந்ததுக்குன்னு சில தொகை, மனு போட்ட நாள்ல இருந்து வட்டி, நம்ம பக்கம் பெரும்பாலும் 7.5 சதவீதம். அவர் மேல 25 சதவீதம் தப்புன்னு முடிவானாக்கூட 30,24,000 நிக்குது. அந்தம்மா வீட்டுல 15,000-க்கு சரின்னுட்டாங்களே, இப்ப பக்கத்துல வச்சுப் பாருங்க.

வீட்டுல இருக்கிற அம்மா இறந்தா "அவங்களுக்கு வருமானம் இல்லையே"ன்னு சொல்லவும் முடியாது. வீட்டு வேலைக்கும் மதிப்பு உண்டு, அதுக்கும் ஒரு மாச வருமானம் நிர்ணயிச்சுக் கணக்குப் போடணும்னு 2021-ல சுப்ரீம் கோர்ட் அழுத்தமா சொல்லியிருக்கு. எனக்கு ரொம்பப் பிடிச்ச தீர்ப்பு அது.

யார் தப்புன்னு நிரூபிக்கவே வழி இல்லாதவங்களுக்கு 164-ஆவது பிரிவு இருக்கு, தப்பு யாரோடதுன்னு பார்க்காமலே சாவுக்கு 5 லட்சம், பலத்த காயத்துக்கு 2.5 லட்சம். இடிச்ச வண்டி எதுன்னே கண்டுபிடிக்க முடியலைன்னா சாவுக்கு 2 லட்சம், பலத்த காயத்துக்கு 50,000, 2022-ல இருந்து இந்தத் தொகை, இதை சாங்ஷன் பண்றது மாவட்ட கலெக்டர். கம்மிதான், ஆனா இதுகூட இருக்குன்னு தெரியாம விட்டவங்கதான் அதிகம்.

அந்த நேரத்துல என்ன செய்யணும்

நீங்க இடிச்சவரா இருந்தா 134-ஆவது பிரிவு சொல்றது, வண்டியை நிறுத்தி அடிபட்டவருக்கு வைத்தியம் கிடைக்க வழி பண்ணணும், 24 மணி நேரத்துக்குள்ள போலீஸ்ல சொல்லணும், இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் தெரிவிக்கணும். கூட்டம் அடிக்க வந்தா? அதை அந்தப் பிரிவுலயே எழுதியிருக்காங்க, கூட்டத்தோட ஆவேசத்தால முடியலைன்னா அங்க நிக்கணும்னு கட்டாயம் இல்ல, நேரா ஸ்டேஷனுக்குப் போங்க. ஓடுறதுக்கும் ஸ்டேஷனுக்குப் போறதுக்கும் வித்தியாசம் அதுதான்.

நீங்க வேடிக்கை பார்க்க நின்னவரா இருந்தா, தூக்குங்க. ஆஸ்பத்திரியில சேர்த்தவர் பேர் சொல்ல வேண்டியதில்ல, சாட்சியா வரச் சொல்லி கட்டாயப்படுத்த முடியாது, நல்லெண்ணத்துல உதவி பண்ணப்ப ஏதாவது ஆச்சுன்னா அவர் மேல கேஸ் போட முடியாது, 134ஏ. நம்ம தமிழ்நாட்டுல 2021-ல இருந்து 'இன்னுயிர் காப்போம் நம்மைக் காக்கும் 48' திட்டத்துல முதல் 48 மணி நேர சிகிச்சை இலவசம், அந்தத் திட்டத்துல இருக்கிற தனியார் ஆஸ்பத்திரியிலயும்கூட. "காசு யாரு கட்டுறது"ன்னு நிக்க வேண்டாம்.

அடிபட்டவர் பக்கமா இருந்தா, பேப்பர்தான் எல்லாமே. எஃப்.ஐ.ஆர் காப்பி, ஸ்பாட்ல போலீஸ் எழுதுற மகஜர், வரைபடம், எம்.வி.ஐ ரிப்போர்ட் (மோட்டார் வாகன ஆய்வாளர் வண்டியைப் பார்த்து எழுதுறது), டிஸ்சார்ஜ் சம்மரி, ஒரிஜினல் பில்லு எல்லாத்தையும் ஒரு பைல்ல போட்டு வைங்க. வண்டிகளை நகர்த்துறதுக்கு முன்னாடி நாலு போட்டோ எடுங்க, நம்பர் பிளேட்டு, டயர் தடம், வண்டி நிக்கிற இடம். மனுவை ஆக்சிடென்ட் நடந்த ஊர்லதான் போடணும்னு இல்ல, நீங்க குடியிருக்கிற ஊர்லயும் போடலாம். ஆறு மாசத்துக்குள்ள போடணும்னு 2022 ஏப்ரல்ல இருந்து விதி அமலுக்கு வந்துச்சு, அது சரியான்னு சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போயிருக்கு, நீங்க அந்தச் சண்டைக்காகக் காத்திருக்காதீங்க, ஆறு மாசத்துக்குள்ளயே போட்டுடுங்க. வார்டு வாசல்ல வந்து "கையெழுத்துப் போடுங்க, நான் வாங்கித் தர்றேன், பாதி பாதி"ன்னு பேசுற ஏஜென்ட்கிட்ட ஒரிஜினல் பேப்பரைக் குடுத்துடாதீங்க.

எல்லாத்துக்கும் முன்னாடி ஒரு பேப்பர் இருக்கு. ஆஸ்பத்திரியில கேஷுவாலிட்டியில முதல்ல எழுதுற ஆக்சிடென்ட் ரிஜிஸ்டர், நாங்க ஏ.ஆர் காப்பின்னு சொல்வோம். எப்படி அடிபட்டுச்சுன்னு அப்ப சொல்றதைத்தான் டாக்டர் எழுதுவார். அஞ்சு வருஷம் கழிச்சு கோர்ட்ல எதிர்த்தரப்பு வக்கீல் முதல்ல எடுக்குறது அதைத்தான், அந்தப் பதட்டத்துல யாரும் பொய் சொல்லியிருக்க மாட்டாங்கங்கிறது அவங்க வாதம்.

அந்தம்மா கொண்டு வந்த சீட்டுல இருந்தது "பைக்கில் இருந்து தானாக விழுந்தார்". போலீஸ் கேஸ் வேணாம்னு முடிவு பண்ணதால கூடப் போன மச்சினர் அப்படிச் சொல்லியிருக்கார், சொல்லச் சொன்னது கார்க்காரர். கார் நம்பரை யாரும் எழுதி வைக்கல. வெள்ளைக் கலர்னு மட்டும் அந்தம்மாவுக்கு ஞாபகம் இருந்துச்சு.